பழைய சவரக்கத்தி கிடைத்ததா? தேய்க்க முதல் பார்க்க வேண்டியவை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய மடக்குச் சவரக்கத்தி இன்னும் கிடைக்கிறது. சலூன்களெல்லாம் பாதி பிளேட் மாட்டுகிற ரேசருக்கு மாறிவிட்டதால், மூடின கடைகளின் லாச்சிகளிலும், அப்பப்பாவின் தகரப்பெட்டிக்குள்ளும், காத்தான்குடி, கல்முனைப் பக்கம் பழைய இரும்புக்காரர்களின் குவியலிலும் கிடக்கும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை சில வீடுகளில் ஒஸ்தா மாமாவின் (முஸ்லிம் ஊர் நாவிதரின்) கத்தி என்று பத்திரமாக வைத்திருப்பார்கள். அதைக் கொடு என்று கேட்காதீர்கள், பார்க்கக் கொடுத்தால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் வருகிற முதல் ஆசை துருவைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது. அதைத்தான் செய்யக்கூடாது. துரு எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது, என்ன நிறம், பிடியில் என்ன வாசம், வால் எவ்வளவு நீளம், இதெல்லாம் சேர்ந்துதான் அது எந்தக் காலத்துக் கத்தி, எங்கே செய்தது, வாங்கலாமா விடலாமா என்று சொல்லும். தேய்த்த பிறகு கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு டோர்ச், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, மில்லிமீற்றர் அடிமட்டம், தையல் மெஷின் எண்ணெய், கொஞ்சம் முகப்பவுடர். இவ்வளவு போதும். கீழே சொல்லப் போகிற பெயர்கள்: வெட்டுகிற தகடு அலகு, அதன் கூரான விளிம்பு வாய், முன்நுனி மூக்கு, தடித்த மேல்பக்கம் முதுகு, அலகுக்கும் ஆணிக்கும் நடுவில் இருப்பது காம்பு, ஆணியைத் தாண்டி வெளியே நீள்வது வால். மொட்டையாகத் தெரிகிற கத்தியும் வெட்டும், அதனால் முதுகைப் பிடித்துத் திறவுங்கள். பலருடைய முகத்தில் பட்ட சாமான் என்பதால் சவர்க்காரம் போட்டுத் துடைத்து, ஸ்பிரிட்டும் பூசிய பிறகு நிதானமாகப் பாருங்கள். கழுவியதும் ஈரம் விடாமல் துடைக்கவும்.

காம்பில் எழுத்து இருக்கிறது, வாசிக்க முடியவில்லை

டோர்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில், அநேகமாகக் காம்போடு படுக்க வைத்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். போதாவிட்டால் முகப்பவுடரை விரலால் தேய்த்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள், பள்ளத்துக்குள் வெள்ளை நிற்கும். திருநீறும் இதே வேலையைச் செய்யும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது இன்னொரு வழி. காம்பின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள், ஏனென்றால் ஒரு பக்கம் கம்பனிப் பெயரும் மறுபக்கம் ஊரோ நாடோ இலக்கமோ இருப்பது வழக்கம். சாண்ட் பேப்பர் மட்டும் வேண்டாம். எழுத்துப் பள்ளத்தின் ஆழம் தலைமயிர் அளவுதான், நாலு இழுவையில் போய்விடும்.

பெயர் வாசித்துவிட்டேன், காலம் பிடிபடவில்லை

முதலில் கிரீடச் சின்னத்தையும் அதன் பக்கத்து எழுத்தையும் தேடுங்கள். ஆங்கிலேயக் கத்திகளில் கிரீடத்துக்கு இரண்டு பக்கமும் ஜி, ஆர் என்று இருந்தால் ஜோர்ஜ் மன்னர்களின் காலம், பழைய வடிவக் கத்தி என்றால் 1830க்கு முன், இல்லாவிட்டால் 1910க்குப் பிறகு வந்த ஜோர்ஜ்களாகவும் இருக்கலாம். டபிள்யூ, ஆர் என்றால் நாலாம் வில்லியம், 1830 முதல் 1837 வரை, கொஞ்ச வருஷம்தான், அதனால் அது கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். வி, ஆர் என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. அறுபது வருஷத்துக்கு மேல் நீள்வதால் வி.ஆர். மட்டும் வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது, அலகின் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது நாட்டின் பெயர். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் குழம்புவது. 1890இல் அமெரிக்கா மக்கின்லி வரிச்சட்டம் கொண்டுவந்து, இறக்குமதியாகும் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது, 1891இலிருந்து அது நடைமுறை. அதனால் ‘இங்கிலாந்து’ என்றோ ‘ஜெர்மனி’ என்றோ பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு செய்தது. சரி. ஆனால் நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக அது 1890க்கு முந்தியது என்று துள்ளக்கூடாது, ஏனென்றால் அந்தச் சட்டம் அமெரிக்காவுக்குப் போன சாமானுக்கு, நம் கையில் இருப்பது கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த சாமான். வெறும் ‘ஷெபீல்ட்’ என்று இங்கிலாந்தின் கத்தி ஊர்ப் பெயரை மட்டும் பொறித்து இருபதாம் நூற்றாண்டிலும் தாராளமாகச் செய்திருக்கிறார்கள். வெளிநாடுகளில் எழுதுகிறவர்கள் இந்த விதியை இரண்டு பக்கமும் வெட்டுகிற மாதிரிச் சொல்வார்கள், அவர்களுக்குப் பரவாயில்லை, இலங்கையில் கிடைக்கிற கத்திக்கு அது ஒரு பக்கம்தான் வெட்டும்.

ஜெர்மன் கத்திக்கு இன்னொரு குறிப்பு உண்டு. பிரித்தானியா 1887இல் வணிகக்குறிச் சட்டம் போட்டு, வெளிநாட்டுச் சாமான் உள்நாட்டுச் சாமான் மாதிரி வேஷம் போடுவதைத் தடுத்தது. ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற வாசகம் பரவினது அதற்குப் பிறகுதான். சோலிங்கன் என்ற ஜெர்மன் கத்தி ஊரின் பெயரைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தது 1938இல். ‘ட்ரேட் மார்க்’ என்ற சொற்களே பொறித்திருந்தால் பெரும்பாலும் 1875ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு என்று எடுக்கலாம். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று இருந்தால் 1913க்கு முன் வாய்ப்பே இல்லை, அந்த வருஷம்தான் ஷெபீல்டில் ஹரி பிரேர்லி அந்த உருக்கைச் செய்துகாட்டினார்.

ஒரு புள்ளியில் சந்திக்கிற மூன்று கோட்டு அம்புக்குறி இருந்தால் அது பிரித்தானிய இராணுவச் சாமான். கூடவே வருஷமும் இருக்கலாம். பிடியில் கோணல்மாணலாக இலக்கம் குத்தியிருந்தால் அது அநேகமாகச் சிப்பாயின் சேவை இலக்கம். அதை அழித்து அழகாக்கிவிடாதீர்கள், அந்தக் கத்தியின் முக்கால்வாசிச் சுவாரசியமே அந்த இலக்கம்தான்.

‘1731’ என்று போட்டிருக்கிறது, முந்நூறு வருஷப் பழசா?

இல்லை. ஹென்கல்ஸ் கம்பனியின் இரட்டையர் சின்னம் சோலிங்கனில் பதிவான வருஷம் 1731, கத்தி அதற்கு எவ்வளவோ பிந்தியதாக இருக்கும். அதே மாதிரி ஜோசப் ரொட்ஜர்ஸ் கம்பனி தன் ஆரம்பம் 1682 என்று சொல்லிக்கொள்ளும். அவர்களுடைய நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் சேர்ந்த சின்னம் 1764இல் கிடைத்தது. பழைய இரும்புக் கடையில் இந்த வருஷங்களைக் காட்டித்தான் விலை ஏற்றுவார்கள். “காக்கா, இது கம்பனி தொடங்கின வருஷம், கத்தி செய்த வருஷம் இல்லை” என்று சிரித்துக்கொண்டு சொன்னால் இறங்கி வருவார். காம்பில் உள்ள 14, 72, 401 மாதிரியான இலக்கங்களும் வருஷம் இல்லை, மொடல் இலக்கங்கள்.

பெயரே ஆளை ஏமாற்றுகிற கத்திகளும் உண்டு. ‘பெங்கால்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்து இந்தியாவில் செய்தது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது ஷெபீல்டில் காட்மன் கம்பனி செய்த கத்தி, நல்ல சாமான், ஒதுக்காமல் வாங்குங்கள். ‘சில்வர் ஸ்டீல்’ என்றால் வெள்ளி கலந்தது என்று நினைப்பது இன்னொன்று. 1820களில் மைக்கேல் ஃபரடேயும் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரும் உருக்கில் துளி வெள்ளி சேர்த்துப் பரிசோதித்தார்கள், அந்தப் பேச்சு பரவினதும் ஆளாளுக்குச் சில்வர் ஸ்டீல் என்று குத்தத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளி விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

எழுத்தே இல்லை

வடிவம் பேசும். வாலைப் பாருங்கள். வால் இல்லாமல், அல்லது குட்டையாக மொட்டை வாலோடு இருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டுச் சாமானாக இருக்கலாம், நம் பக்கம் மிக அரிது. நீண்டு வளைந்த வால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கமானது. பிறகு அலகின் குறுக்குவெட்டு. மூக்குப் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஆப்பு மாதிரி நேராக முதுகிலிருந்து வாய் வரை சரிகிறதா, அல்லது இரண்டு பக்கமும் உள்ளே குழிந்து வாய் தாள் மாதிரி மெலிந்திருக்கிறதா? ஆப்பு பழைய ஆங்கிலேய முறை. ஆழமாகக் குழித்த அலகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில், முக்கியமாகச் சோலிங்கன்காரர் கையில் வளர்ந்தது. நகத்தால் மெதுவாகச் சுண்டினால் குழித்த அலகு கிண்ணென்று பாடும், ஆப்பு அலகு ஊமை.

அகலத்தை முதுகிலிருந்து வாய் வரை அளவுங்கள். இந்தக் கத்திகளை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கணக்கில் சொல்வார்கள், எட்டில் ஐந்து என்றால் சுமார் 16 மில்லிமீற்றர், எட்டில் ஆறு 19, எட்டில் ஏழு 22. இதில் ஒரு விஷயம் இருக்கிறது: சலூனில் உழைத்த கத்தி கல்லில் தேய்ந்து தேய்ந்து ஒடுங்கியிருக்கும். 16 மில்லிமீற்றர் அலகுக்கு முதுகு நாலு, நாலரை மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் பொருத்தம், அதே முதுகுக்கு அலகு 12 மில்லிமீற்றர்தான் இருக்கிறது என்றால் மிச்சம் கல்லில் கரைந்துவிட்டது.

மூக்கில் ஒரு சின்னக் குடைவு இருந்தால் உடைந்தது என்று நினைக்க வேண்டாம். சில கத்திகளில் அது செய்யும்போதே வைத்த வடிவம். குடைவின் உள்விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் அசல், சொரசொரப்பாக இருந்தால் உடைப்பு.

துரு

கறுப்பாக, தட்டையாக, விரலில் ஒட்டாமல் இருந்தால் அது வயதின் நிறம், விட்டுவிடுங்கள். சிவப்பாகத் தூள் பறந்தால் உயிரோடு இருக்கிற துரு, அதை நிறுத்த வேண்டும். நம் ஊரில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மாரி தொடங்கிவிட்டால் சுவரே வியர்க்கும், உருக்கு எம்மாத்திரம்.

தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு நாள் விடுங்கள். பிறகு பித்தளைத் துண்டின் விளிம்பாலோ மூங்கில் சிராயாலோ துருவைக் கிளப்பி, மிக மெல்லிய ஸ்டீல் வூலால் எண்ணெயோடு, முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டும் இழுங்கள். வாய்க்கு எதிராகவோ குறுக்காகவோ போனால் விரல் போகும். குத்துவிளக்கு மினுக்குகிற ஞாபகத்தில் புளியோ தேசிக்காயோ போடாதீர்கள். பித்தளைக்குச் சரி, உருக்கில் அந்தப் புளிப்பு அரித்து, அலகைச் சாம்பல் நிறமாக்கி, அலகில் வரைந்த பூவேலையையும் அதன் பொன்பூச்சையும் சேர்த்தே எடுத்துவிடும். மெட்டல் பொலிஷும் பொன்பூச்சைக் கொண்டுபோய்விடும்.

சுனாமியில் கடல்தண்ணீர் புகுந்த வீட்டுச் சாமான் என்றால் முறை வேறு. குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும், எவ்வளவு எண்ணெய் பூசினாலும் சில மாதத்தில் அதே இடத்தில் சிவப்புப் புள்ளி திரும்ப வரும். முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குங்கள், துடைத்து உடனே உலர்த்தி, அதன் பிறகுதான் எண்ணெய். கொம்புப் பிடியோடு ஊறவைக்க வேண்டாம், கொம்பு வீங்கி ஏடு ஏடாகப் பிரியும். அலகை மட்டும் தண்ணீரில் தொங்கவிடுங்கள்.

துருக்குழி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதுகிலோ காம்பிலோ இருந்தால் பார்வைக்குத்தான் குறை. வாயிலிருந்து ஓரிரு மில்லிமீற்றருக்குள் கறுப்புக் குழிகள் வரிசையாக இருந்தால், தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழிக்குப் போய்ச் சேர்ந்து பல்லுப் பல்லாக உதிரும். அதைச் சவரத்துக்கு வாங்காதீர்கள், பெயருக்காக வாங்கலாம்.

அலகில் பிடிக்குள் மறைகிற பகுதி மட்டும் துரு, வெளியே சுத்தம்

இதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய குறை. பிடியை முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசமோ அமிலம் மாதிரி மூக்கைக் குத்துகிற நெடியோ வந்தால் பிடி செலுலொயிட் என்ற பழைய பிளாஸ்டிக், அது அழுகத் தொடங்கிவிட்டது. 1870களுக்குப் பிறகு வந்த இந்தப் பொருள் ஆமை ஓடு, தந்தம், முத்துச்சிப்பி எல்லாவற்றுக்கும் நகலாகப் போனது. பழுதாகும்போது நைதரசன் அமில வாயு விடும், அந்த வாயுதான் உள்ளே மடங்கிக் கிடக்கிற அலகைத் தின்கிறது. ஒளி ஊடுருவுகிற, ஆமையோட்டு நிறப் பிடிகள் அதிகம் கெடும். வெடிப்புக் கோடுகள், ஒட்டுகிற பிசுக்கு, ஆணியைச் சுற்றிப் பச்சை, இவையும் அடையாளங்கள்.

மருந்து கிடையாது. பிடியைக் கழற்றி அலகைக் காப்பாற்றலாம், அல்லது திறந்த நிலையில் காற்றோட்டமாகத் தனியே வைக்கலாம். மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் போடவே கூடாது, பக்கத்தில் இருப்பதும் துருப்பிடிக்கும். பிடி என்ன பொருள் என்று பார்க்கச் சூடான ஊசி குத்துகிற பழைய பழக்கம் இதில் ஆபத்து, செலுலொயிட் குபீரென்று பற்றிக்கொள்ளும்.

பிடி கொம்பா, தந்தமா, பிளாஸ்டிக்கா?

வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய கொம்பில் நார் நாராக ஓட்டம் தெரியும், விளிம்பில் பூச்சி தின்ற சின்னப் பள்ளங்களும் இருக்கும். எருமைக்கொம்பு கறுப்பு. வெள்ளைப் பிடியில் கோடுகள் அடிமட்டம் வைத்துக் கீறினது மாதிரி ஒரே சீராக ஓடினால் செலுலொயிட் நகல். குறுக்குமறுக்காக வலைப்பின்னல் வளைவுகள் தெரிந்தால் தந்தம். அங்கே நின்றுவிடுங்கள்: யானைத்தந்தம் விற்பதும் வாங்குவதும் இங்கே சட்டவிரோதம், கடலாமை ஓட்டுக்கும் அதே கதை. ‘பழசுதானே’ என்று யாராவது கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். கொம்பு வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து மிச்சத்தைத் துடையுங்கள், ஆணி மூட்டுக்குள் போகவிடாதீர்கள், அங்கே பிசுக்காகும்.

பிடியின் நுனியில், இரண்டு தகட்டுக்கும் நடுவே வைத்த ஆப்பு சாம்பல் நிறமாக, மேலே வெள்ளைத் தூளோடு இருந்தால் அது ஈயம். பழைய ஷெபீல்ட் கத்திகளில் சாதாரணம், காலம் சொல்கிற அடையாளமும்கூட. அந்தத் தூள் நஞ்சு. ஊதவேண்டாம், ஈரச் சீலையால் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மடக்கும்போது அலகு ஒரு பக்கம் இடிக்கிறது, அல்லது தளதளவென்று ஆடுகிறது

ஆடினால் ஆணி தளர்ந்திருக்கிறது. தட்டையான இரும்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஆணித்தலையை மிக மெதுவாக, சுற்றிச் சுற்றித் தட்டினால் இறுகும். ஓங்கி ஒன்று போட்டால் கொம்பு பிளக்கும். இடித்தால் பெரும்பாலும் பிடி வளைந்திருக்கும், வெயிலடிக்கிற யன்னல் ஓரத்தில் கிடந்த கத்திகளுக்கு இது வரும். அலகே முறுகியிருக்கிறதா என்று தெரிய, முதுகின் மேலாக ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுகின அலகுக்குக் கல்லில் தேய்ந்த தடம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் கோடாகவும் இருக்கும்.

வாய்ப்பக்கம் நீலமாகத் தெரிகிறது

முடிந்தது கதை. யாரோ மோட்டார் சாணையில் பிடித்திருக்கிறார்கள். சுமார் 300 பாகை செல்சியசுக்குச் சூடேறினால் உருக்கு நீலமாகும், அந்த இடத்தின் கடினம் இறங்கிவிடும், இனி எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. லேசான வைக்கோல் மஞ்சள் என்றால் பிழைத்திருக்கலாம். மண்வெட்டி, கத்தி எல்லாம் அருமையாகச் சாணை பிடிக்கிறவர் இருக்கிறார், அவரிடம் இதைக் கொடுக்காதீர்கள், அவருடைய சக்கரத்துக்கு இந்த அலகு ஒரு வாய்ச் சோறு.

எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏறவில்லை

சவரக்கத்தியை முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுகிற மாதிரிப் படுக்க வைத்துத்தான் தீட்ட வேண்டும். முதுகின் தடிப்புத்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. சமையல் கத்தி மாதிரி முதுகைத் தூக்கினால் ஏறாது. படுக்க வைத்தும் ஏறாவிட்டால் கறுப்பு மார்க்கர் பேனாவால் வாயில் கோடு போட்டு ஒரு இழுவை இழுங்கள். நடுவில் மை அழியாமல் நின்றால் வாய் உள்ளே குழிந்திருக்கிறது, தட்டையான கல்லில் அந்த இடம் படவே படாது. வீட்டுக் கருங்கல் அம்மிக்கல் விளிம்பில் முயலவேண்டாம், தோல்வாரில் மட்டும் இழுத்தும் ஆகாது, வார் இருக்கிற கூரைச் சீராக்கும், இல்லாத கூரைக் கொண்டுவராது.

விரிசல் சந்தேகம்

குழித்த அலகில், காம்புக்குப் பக்கத்து வாய் மூலையில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு இருந்தால் கவனம். எண்ணெய் பூசி ஐந்து நிமிஷம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். கீறல் என்றால் அப்படியே இருக்கும். விரிசல் என்றால் உள்ளே போன எண்ணெய் கோடாகக் கசிந்து வெளியே வரும். வந்தால் அந்தக் கத்தி முகத்தில் படக்கூடாது, சவரம் செய்கிறவருக்கு விற்கவும் கூடாது.

எல்லாம் சரி, ஆனால் அளவுக்கு மேல் புதிதாக இருக்கிறது

பாதுகாத்து வைத்த அசல் கத்தியும் புதிதாக இருக்கும், அதனால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். திறந்து முதுகைப் பாருங்கள். அசல் கத்தியில் முதுகு நுனிவரை ஒரே தடிப்பு, குழிவு இரண்டு பக்கமும் ஒரே சீர். இப்போது கப்பலேறி வருகிற மலிவுச் சாமானில் முதுகு ஒரு இடத்தில் தடிப்பு, ஒரு இடத்தில் மெல்லிசு, குழிவே இல்லாத தகடாகவும் இருக்கும். எழுத்து உருக்குக்குள் அடித்து இறங்கியிருக்கிறதா, மேலே எரித்துக் கீறினதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அலை அலையாக டமாஸ்கஸ் கோடு, பித்தளை ஆணி மினுமினுப்பு, தோல் உறை, எல்லாம் சேர்ந்து ‘தாத்தா காலத்துக் கத்தி’ என்று விற்றால் நம்பாதீர்கள். ஒரு காந்தமும் கையில் இருக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள், அதனால் பிரயோசனம் இல்லை, கத்தி செய்கிற ஸ்டெயின்லெஸும் காந்தத்தில் ஒட்டும்.

அந்தத் தோல் உறையைப் பற்றிக் கடைசியாக ஒன்று: கத்தி அசலோ போலியோ, மாரி காலத்தில் உறைக்குள்ளோ கட்டின பொலித்தீன் பைக்குள்ளோ வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலகில் எண்ணெய் பூசி, பருத்திச் சீலையில் தளர்வாகச் சுற்றி, மருந்துப் போத்தல்களோடு வருகிற சிலிக்கா பைக்கற் ஒன்றைப் பக்கத்தில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்துத் துடைத்துத் திரும்ப எண்ணெய் பூசினால் போதும்.